ஓட்டக் கூடாதவர்

"லயபிலிட்டி, கொலிஷன், ரோட்சைட் எல்லாம் போட்டாச்சு அங்கிள். மரக்கிளை விழுந்து வண்டிக் கூரை உடைஞ்சாகூட கவர் ஆகும். டிரைவர் பேர் மட்டும்தான் பாக்கி."

இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் வான்மதி லேப்டாப்பிலிருந்து நிமிர்ந்தாள்.

"இதென்ன கேள்வி? அண்ணன்தான்!" என்றார் செல்வராஜ். சர்ச் நண்பர். ஜீவரத்தினம் வாங்கிய, படுக்கை, சமையல் வசதியெல்லாம் கொண்ட இருபத்தெட்டு அடி ஆர்.வி. வண்டியில் யோசெமிட்டி தேசியப் பூங்காவுக்குச் சுற்றுலா போகக் குடும்பத்தோடு தொற்றிக்கொள்ளப் போகிறவர்.

ஜீவரத்தினம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சர்ச் பாட்லக் விருந்தில் நாலு குடும்பத்துக்கு முன்னால், "நானே ஓட்டறேன், நீங்க காலை நீட்டிட்டு வாங்க" என்று மார்தட்டியவர் அவர்தான். ஆர்.வி.க்கு அட்வான்ஸ் கொடுத்த மறுவாரம் காரில் போகும்போது ஃப்ரீவேயில் ஒரு டிரக் உரசுகிற மாதிரி கடந்து போனது. கை நடுங்க ஆரம்பித்தது, நிற்கவே இல்லை. பக்கத்து சீட்டில் மனைவி ஜோசபின் கண்ணை மூடித் தூங்கிக்கொண்டிருந்தது ஒன்றுதான் ஆறுதல். அன்றிலிருந்து ஃப்ரீவே பக்கம் போகாமல் சொந்த ஊரான பிளசன்டனுக்குள்ளேயே சுற்றி வருகிறார். யாரிடமும் மூச்சு விடவில்லை.

"என் பேர் மட்டும் போடும்மா," என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது. வடைத் தட்டோடு ஜோசபினும் வந்தாள். "அவரை எக்ஸ்க்ளூட் பண்ணிடு."

"ஆன்ட்டி, எக்ஸ்க்ளூட் பண்ணா அங்கிள் ஸ்டியரிங்கைத் தொடவே கூடாது. தொட்டு ஏதாவது ஆனா கிளெய்ம் கிடையாது."

"தொட வேண்டாம். போன வருஷம் பக்கத்து வீட்டு மெயில்பாக்ஸை இடிச்ச கிளெய்ம் ஒண்ணு இருக்கே, அவர் பேரைப் போட்டா பிரீமியம் ஏறும்ல?"

"கொஞ்சம் ஏறும்தான்..."

"அப்புறம் என்ன?"

செல்வராஜ் விழுந்து விழுந்து சிரித்தார். "என்ன அண்ணி, கொஞ்ச காசுக்காக அண்ணனைப் பார்சல் கட்டிப் பின்னாடி போடறீங்களே! கஞ்சத்தனத்துக்கு ஒரு அளவு வேணாமா?"

"என் வண்டி, எனக்கே தடையா?" என்று ஜீவரத்தினம் மேஜையைத் தட்டினார். உள்ளுக்குள் மூன்று மாதமாக நெஞ்சில் கிடந்த கல் உருண்டு விழுந்திருந்தது. முகத்தை மட்டும் கடுகடுவென்று வைத்துக்கொண்டு, அவள் மனசு மாறுவதற்குள் கையெழுத்தைப் போட்டுவிட்டார்.

விருந்தாளிகள் போனதும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். கோபம் சட்டென்று அடங்கினால் சந்தேகம் வருமே!

"மானத்தை வாங்கிட்டியே ஜோஸ்! சரி, அவ்வளவு பெரிய வண்டியை நீ எப்படி ஓட்டுவே?"

ஜோசபின் கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினாள். ஆர்.வி. ஓட்டும் பயிற்சி முடித்ததற்கான சான்றிதழ். பத்து வகுப்புகள், எல்லாமே சனிக்கிழமை.

"சனிக்கிழமை உனக்கு கொயர் பிராக்டிஸ் ஆச்சே?"

"என் குரலுக்கு யாரு கொயர்ல சேத்துப்பாங்க?"

முதல் வகுப்பின் தேதியைப் பார்த்தார். அந்த டிரக் கடந்து போன மறு சனிக்கிழமை.

தாளை மெல்ல மேஜையில் வைத்தார். "நீ... தூங்கிட்டு இருந்தியே?"

"கண்ணை மூடிட்டு ஜெபம் பண்ணிட்டு இருந்தேன். நடுவுல ஒரு தடவை கண்ணைத் திறந்து உங்க கையைப் பார்த்தேன்."

வெட்கமாகத்தான் இருந்தது. அதைவிட நிம்மதியாக இருந்தது. வெகு நாளைக்குப் பிறகு சாய்ந்து உட்கார்ந்து ஒரு வடையை எடுத்துக் கடித்தார்.

"அதுக்கு ஏன் ஜோஸ் காசு கணக்கெல்லாம் சொன்னே? பாரு, சர்ச் முழுக்க உன்னைக் கஞ்சம்னு சொல்லிச் சிரிக்கப் போறாங்க."

"சிரிக்கட்டுமே. என்னைக் கஞ்சம்னா நான் நாளைக்கே மறந்துடுவேன். உங்களைப் பயந்தாங்கொள்ளின்னு சொல்லியிருந்தா, நீங்க மறக்க மாட்டீங்களே!"