ஆறு மைக்ரான்

"ஆறு மைக்ரான்! தலைமுடி கனத்துல பத்துல ஒரு பங்குகூட இல்ல, பாரு!"

என் கணவர் தகாயுகி மரச்சீவலைத் தூக்கிப் பிடித்தார். அதன் வழியே ஜன்னல் தெரிந்தது.

வீட்டில் ஏழு மாதமாகச் சோற்றில் சீவல், படுக்கையில் சீவல்.

"மரம் இழைக்கிற போட்டியில எல்லாரும் அசந்துட்டாங்க. இழைப்புளியை எப்படித் தீட்டறதுன்னு என்கிட்டதான் கேக்கறாங்க."

"எந்தக் கட்டையில இழைச்சீங்க?"

"அந்த ஹினோக்கிக் கட்டைதான். எவ்வளவு அருமையான மரம்!"

"அது எதுக்கு வாங்கினது, ஞாபகம் இருக்கா?"

"செய்யத்தானே போறேன்! முதல்ல கண்ணாடி மாதிரி வழவழன்னு ஆகட்டும்."

"இப்ப எவ்வளவு மிச்சம்?"

"ஒரு... விரல் கனம் இருக்கும்."

"கொஞ்சம் மெதுவாப் பேசுங்க, மத்த நோயாளிங்க தூங்கறாங்க," என்று நர்ஸ் எட்டிப் பார்த்துச் சொன்னாள்.

கட்டிலில் மாமியார் கண் திறந்தார். குளியல் தொட்டியில் வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பில் ஆணி வைத்து மூன்று நாள் ஆகிறது. கை நீட்டிச் சீவலை வாங்கித் தடவிப் பார்த்தார்.

"ஏண்டா, தொட்டிக்குப் பக்கத்துல மாட்டறேன்னு சொன்னியே, அந்தக் கைப்பிடி இதுதானா? இதைப் பிடிச்சுக்கிட்டா நான் எந்திரிக்கணும்?"