ஆகஸ்ட் பதினைந்து, ஏழு மணிப் பூசை

பூசையில் நன்மை அப்பம் வாங்கி வந்து மண்டியிட்ட ஜோஸ்பின், பையில் அதிர்ந்த போனை எடுத்துப் பார்த்திருக்கக் கூடாது.

அடுக்குமாடி சொசைட்டியின் வாட்ஸ்அப் குரூப்பில் சேர்மன் ராகவேந்திரா எழுதியிருந்தார். பதினோரு வருஷமாகக் கொடியேற்றத்துக்கு எட்டிப் பார்க்காத ஒருவர் செக்ரட்டரி தேர்தலுக்கு நிற்கிறாராம். வெட்கம் இருந்தால் பெயரை வாபஸ் வாங்கட்டுமாம். கீழே ஒன்பது கட்டைவிரல்கள்.

இன்றைக்கு மாதாவின் விண்ணேற்புத் திருநாளும்தான் என்று அந்த மனுஷனுக்குத் தெரியாதா? வருஷா வருஷம் சொல்லிவிட்டுத்தானே வருகிறாள்? பூசை முடிந்ததும் கோயில் முற்றத்தில் கொடியேற்றி, தொண்டை கிழிய ஜனகணமன பாடிவிட்டுத்தானே வீடு திரும்புகிறாள்?

கடைசி ஆசீருக்குக்கூட நிற்கவில்லை. அறுபத்து மூன்று வயதில் இதுதான் முதல் தடவை. ஆட்டோ சிஞ்ச்வட்டில் அவள் குடியிருக்கும் சொசைட்டிக்குப் போய்ச் சேரும்வரை அவள் உதடு முணுமுணுத்தது ஜெபம் இல்லை.

சொசைட்டிக்குள் எல்லோரும் அண்ணாந்து நின்றார்கள். கம்பத்தின் உச்சியில் கொடி இன்னும் பொட்டலமாகவே இருந்தது. ராகவேந்திரா கயிற்றில் தொங்காத குறை.

"வாங்க டீச்சர்! ஓட்டு வேணும்னதும் தேசம் ஞாபகம் வந்துடுச்சா?"

யாரோ சிரித்தார்கள்.

ஜோஸ்பினுக்குக் காது மடல்வரை எரிந்தது. நேராகப் போய் அவர் கையிலிருந்த கயிற்றைப் பிடுங்கினாள்.

"அத இழுக்க இழுக்க இறுகத்தான் செய்யும், சார். இழுக்க வேண்டியது இந்தக் கயிறு. அப்புறம், ஞாயித்துக்கிழமை என் பேரு ஓட்டுச் சீட்டுல இருக்கும். அழிக்க மாட்டேன்."

ஒன்றைத் தளர்த்தி, மற்றதை ஒரே சுண்டு. கொடி படபடவென்று விரிந்தது.

எந்தக் கயிறு என்று இவளுக்கு எப்படித் தெரியும் என்று யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை. வாட்ச்மேன் மட்டும் தலையைக் குனிந்துகொண்டான். வருஷா வருஷம் பதினாலாம் தேதி சாயங்காலம் அவள் வீட்டுக் கதவைத் தட்டி, கொடியை அவள் கையாலேயே மடித்துக் கட்டி வாங்கிப் போகிறவன் அவன். எல்லோரும் அவனே கட்டியதாக நினைத்திருந்தார்கள்.

ராகவேந்திராவின் வழுக்கையில் சாமந்தி இதழ்கள் உதிர்ந்தன. அவர் ஒன்றை எடுத்துப் பக்தியோடு கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

ஜோஸ்பின் பல்லைக் கடித்துக்கொண்டு விறைப்பாக நின்றாள்.

நேற்று கோயிலில் நவநாள் ஜெபம் முடிந்ததும், மாதாவின் காலடியிலிருந்து கைக்குட்டையில் அள்ளி வந்து அவள் கொடிக்குள் வைத்துக் கட்டிய பூ அது. பதினோரு வருஷமும் அங்கிருந்துதான்.