காரோடு வந்த செட்டு

"காரோட வந்த செட்டு அப்படியே இருக்கணும் தம்பி. சத்தம் மட்டும் நல்லா வரணும்" என்று காசிராஜன் மறுபடியும் சொன்னார்.

போடியில் கார்களுக்குப் பாட்டு செட்டு மாட்டும் கார்முகிலுக்குச் சிரிப்பு வந்தது. ஏலக்காய்த் தோட்டக்காரர், இத்தனை கஞ்சமா?

"அண்ணே, பெரிய டச் ஸ்கிரீனா மாட்டிருவோம். அக்கா அசந்துபோவாங்க."

"கார் வாங்குன நாள்ல இருந்து ஸ்டியரிங் என் சோலி, பாட்டு அவ சோலி. செட்ட மாத்துனா எங்கூட மலைக்கே வரமாட்டேன்னுட்டாப்பா."

"இம்புட்டுப் பிடிவாதமா? நீங்களும் பயப்படுறீங்களே."

"பயம்னே வச்சுக்க. அவ இல்லாம மலை மெட்டு ஏறிப் பழக்கமில்ல."

கார்முகில் பழைய செட்டைத் தொடவில்லை. கதவுகளில் நல்ல ஸ்பீக்கர்களும், சீட்டுக்கு அடியில் ஓர் ஆம்ப்ளிஃபயரும் மாட்டிக் கொடுத்தான்.

மறுநாள் காசிராஜன் தன் மனைவி சந்திரவல்லியைக் கைபிடித்துக் கூட்டிவந்து, காரின் முன்சீட்டில் உட்காரவைத்து, தானும் ஸ்டியரிங் பக்கம் ஏறி உட்கார்ந்தார். அவள் விரல்கள் செட்டின் மேல் ஊர்ந்தன. குமிழைத் தொட்டு, பட்டன்களை ஒவ்வொன்றாகத் தடவி, ஒன்றை அழுத்தினாள். பாட்டு பொங்கி வந்தது.

"ஏங்க, முந்தி மெட்டுல மேகம் இறங்கிட்டா, வண்டிய ஓரங்கட்டி இதத்தானே கேப்போம்?"

"அதேதான் வல்லி."

கார்முகில் டிரைவர் பக்கக் கதவருகே நின்றிருந்தான். அவளோ ஆளில்லாத இடப்பக்க ஜன்னலைப் பார்த்துத் திரும்பினாள்.

"தம்பி, கண்ணு போன பெறகு இந்த ஒரு சோலிதான்யா எங்கைல மிச்சம். அதப் புடுங்காம விட்டியே, நல்லாயிருப்ப."

கார்முகில் காரைச் சுற்றிப்போய், அவள் முகம் பார்த்திருந்த இடத்தில் நின்றுகொண்டு, "சரிக்கா" என்றான்.