பெயர் போட்ட பீங்கான்

"ஒவ்வொரு உருப்படியிலயும் என் பேரு இருக்கணும். சும்மா பெயின்ட்ல எழுதினா ரெண்டே மாசத்துல போயிடும். எழுதிட்டு சூளையில வேகவைக்கச் சொல்லுங்க. மொதல்ல கண்ணுல படுற எடமா இருக்கணும்" என்றார் ரைஸ்மில் மாணிக்கவேல்.

பெண்கள் பள்ளித் தலைமையாசிரியை பெரியநாயகி கையைப் பிசைந்தார். "பேரு வேணாங்க அய்யா. வாசல்ல பெருசா ஒரு கல்வெட்டு வச்சிடுறோம். பீங்கான்ல போட்டா நல்லாருக்காதுங்க."

மாணிக்கவேலுக்குச் சுருக்கென்றது. வாங்குகிற கைக்கு இத்தனை கொழுப்பா? கோயிலுக்கு ட்யூப்லைட் கொடுத்தபோதும் இப்படித்தான், எழுத்து வெளிச்சத்தை மறைக்கிறது என்று குருக்கள் முணுமுணுத்தார். அடுத்த மாதம் பஞ்சாயத்து எலெக்ஷன். இந்த நேரத்தில் பெயர் தெரியாமல் தர்மம் செய்ய அவருக்கென்ன பைத்தியமா?

"பேரு இல்லைன்னா பீங்கானும் இல்ல" என்று எழுந்துவிட்டார்.

டீச்சர் பதறிப்போனார். பெரிய வகுப்புப் பெண்கள் மத்தியானமே வீட்டுக்கு ஓடிவிடுகிறார்கள், இந்த வருடம் ஒன்பது பேர் படிப்பையே நிறுத்திவிட்டார்கள், பின்பக்கம் கட்டிடம் எழுப்பியும் உள்ளே சாமான் இல்லாமல் பூட்டிக் கிடக்கிறது என்று கெஞ்சினார். "அது எதுக்குன்னாங்க அய்யா..."

"எனக்குத் தெரியாதா?" என்று கையைக் காட்டி நிறுத்தினார் மாணிக்கவேல். மத்தியானத்தில் வீட்டுக்கு எதற்கு ஓடுவார்கள், சோற்றுக்குத்தானே? தட்டு இருந்தால் இங்கேயே சாப்பிட்டுவிட்டுப் போகிறார்கள். இதற்கொரு விளக்கம், அதை அவர் உட்கார்ந்து கேட்க வேண்டுமாக்கும்! "லிஸ்ட்ட பீங்கான் ஃபேக்டரில குடுத்துடுங்க. பில்லு எனக்கு வரட்டும்."

"சரிங்க. உங்க இஷ்டப்படியே பேரு போட்டுடுறோம்" என்றார் டீச்சர். லிஸ்ட்டை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு கிளம்பினார்.

திறப்பு விழாவுக்கு சப் கலெக்டர் வந்திருந்தார். பந்தல் என்ன, மைக்செட் என்ன, கடலூரிலிருந்து கூட்டிவந்த போட்டோக்காரர் என்ன!

"தொண்டு செய்யுறவனுக்குக் கெடைக்கிற ஆத்ம திருப்தி இருக்குதே, அத வாயால சொல்ல முடியாதுங்க" என்று முக்கால் மணி நேரம் வாயாலேயே சொன்னார் மாணிக்கவேல். வெயிலில் இரண்டு பிள்ளைகள் மயங்கி விழுந்தன. தன் பேச்சின் உருக்கம்தான் காரணம் என்று நினைத்துக்கொண்டார்.

பிறகு எல்லோரும் பள்ளிக்குப் பின்னால் மதில் ஓரம் போனார்கள். தகரக் கதவுகள் வரிசையாக இருந்த அந்தச் சின்னக் கட்டிடத்தை மாணிக்கவேல் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அவர் பார்வை கேமராவின் மேல் இருந்தது. ரிப்பனை வெட்டினார். கைதட்டல் மதிலைத் தாண்டிக் கேட்டது.

பாஞ்சாலை என்ற ஆறாம் வகுப்புப் பெண் முதல் ஆளாக உள்ளே ஓடினாள். தன் பெயரை அவள் உரக்கப் படிப்பாள் என்று மாணிக்கவேல் மாலையைச் சரிசெய்துகொண்டு, சிரித்த முகமாகக் காத்திருந்தார். சப் கலெக்டரும் காதைத் தீட்டிக்கொண்டார்.

போன வேகத்திலேயே திரும்பி வந்தாள் பாஞ்சாலை. முகத்தில் அப்படியொரு கலவரம்.

"டீச்சர், கக்கூசுல அய்யா பேரு மேலதான் கால வச்சுக் குந்தணுமா?"