நாலாம் பாகம்

குடும்பங்கள் கொண்டாடும் பொம்மை முயல் படத்தின் ஐந்து பாகங்களும் உப்பல் தியேட்டரில் ஓடின.

"இதுல ரொம்ப மோசமானது எது?" கவுண்டரில் கேட்டான் ரஞ்சன்.

"நாலாம் பாகம். அது மட்டும் நக்கோ, வேணாம் சார், ஹாலே காலி."

"அதுக்கே ரெண்டு குடுங்க."

புது மனைவி சாஹித்யா சிரித்தாள். இரண்டு அறை வீட்டில் பதினோரு உறவினர்கள். கல்யாணமாகி மூன்று வாரமாகியும் இருவரும் தனியாகப் பேசவே முடியவில்லை.

கடைசி வரிசையில் கைகோத்து உட்கார்ந்தார்கள். பாதிப் படம் எப்படிப் போனதென்றே தெரியவில்லை.

இடைவேளையில் விளக்கு எரிந்தது. முன்வரிசை மூலையில், அம்மாவின் தோளில் சாய்ந்திருந்த ரஞ்சனின் அப்பா திடுக்கிட்டு நிமிர்ந்தார்.

"கோயிலுக்குன்னு சொன்னீங்களேப்பா?"

"நீ ஆபீஸுன்னு சொன்னியே?"

அம்மா கூச்சத்தோடு சொன்னாள்: "நாங்க மூணாவது தடவை வர்றோம். வீட்ல யார்கிட்டயும் சொல்லிடாதே, கூட்டம் சேர்ந்துடும்!"