நசுங்காத தக்காளி

அன்று ஒரு தக்காளிகூட நசுங்கவில்லை. அதனால்தான் விவசாயியான அந்தப் பெண்மணிக்கு அடக்க முடியாத கோபம் வந்தது.

மூட்டை கட்டுவதை விட்டுப் பிளாஸ்டிக் பெட்டிகள் வாங்கி, அடியில் காகிதம் விரித்து, அளவாக அடுக்கி அனுப்பியும் ஏழு மாதமாகக் கால்வாசிச் சரக்கு சாறாகவே சந்தைக்கு வந்து சேர்ந்தது. கேட்டபோதெல்லாம் வேன் ஓட்டுநர் சாலையைக் குறை சொன்னார். பொறுத்துப் பார்த்த மொத்த வியாபாரியும் முந்தைய நாள், இனிச் சரக்கே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அதனால் அன்று தானே விற்றுப் பார்க்கலாம் என்று பேருந்தில் முன்னதாகவே சந்தைக்கு வந்து வேனுக்காகக் காத்திருந்தார் பெண்மணி.

"இன்னிக்கு வேற வழியா வந்தியா தம்பி?"

"வேற வழி ஏதுக்கா? அதே ரோடுதான்."

"பள்ளத்தையெல்லாம் மூடிட்டாங்களோ?"

"அவங்களாவது மூடறதாவது. கெட்டு வந்தாலும் திட்டுறீங்க, நல்லா வந்தாலும் முறைக்கிறீங்களேக்கா."

"அப்ப எப்படிடா நசுங்காம வந்துச்சு?"

ஓட்டுநர் வேனின் முன்பக்கக் கதவைத் திறந்தார். மருத்துவமனைக்குச் செல்வதற்காக உடன் வந்திருந்த அவருடைய நிறைமாத மனைவி, கணவரின் கையைப் பற்றிக்கொண்டு மெல்ல இறங்கினார்.

"பார்த்து இறங்கும்மா" என்று பரிவோடு சொன்ன பெண்மணி, ஓட்டுநர் பக்கம் திரும்பினார்.

"ஆக, இத்தனை மாசமும் உனக்கு மெதுவா ஓட்டத் தெரிஞ்சுதான் இருந்திருக்கு."