கிழிக்க வேண்டிய கடிதம்

"கோபம் வந்தா காகிதத்துல கொட்டி, கிழிச்சுப் போட்டுடுங்க. ரத்த அழுத்தம் தானா இறங்கும்."

டாக்டர் சொன்னதிலிருந்து, மேனேஜரைத் தினமும் ஒரு பக்கம் திட்டி எழுதிக் கிழித்துவந்தார் கிளார்க். ரத்த அழுத்தமும் சொன்ன பேச்சைக் கேட்டது.

இன்று குப்பைக்கூடையை எட்டிப் பார்த்தார். கிழிந்து கிடந்தது, தலைமை அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டிய பதில் கடிதம். அப்படியென்றால் கையெழுத்துக்குப் போன ஃபைலில் இருப்பது?

"உங்களை மேனேஜர் கூப்பிடுறார்."

பதினெட்டு வருட உத்தியோகம் பத்தடியில் முடியப்போகிறது என்று நினைத்தபடி உள்ளே போனார்.

மேனேஜர் நிதானமாகப் படித்தார். "'ஐயா, ஐந்து மணிக்கு வேலையைத் தலையில் கட்டி, அவசரம் என்று குதிப்பீர்கள். முடித்துக் கொடுத்தால் மூன்று நாள் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டீர்கள். உங்களுக்கு மனசாட்சியே கிடையாதா?' நீங்க எழுதினதுதானே?"

"சார், டாக்டர்தான்..."

"டாக்டர் கிடக்கட்டும். தலைமை அலுவலகத்துக்குப் பதில் எழுதச் சொன்னா, அங்க இருக்கிற என் மேலதிகாரி என்னைப் படுத்துற பாட்டை ஒண்ணுவிடாம எழுதிட்டீங்களே."

கிளார்க்குக்குப் போன உயிர் திரும்பியது. "அனுப்பப் போறீங்களா சார்?"

"அனுப்பினா என் வேலை போயிடும். மூணு தடவை படிச்சேன், நெஞ்சு பாரமே இறங்கிடுச்சு." கடிதத்தை நாலாகக் கிழித்துக் கூடையில் போட்டார் மேனேஜர். "நாளைக்கும் ஒண்ணு எழுதிக் கொடுங்க. இன்னும் கொஞ்சம் காரமா இருக்கட்டும்."

"அதுக்குக் குறைவே இருக்காது சார்" என்றார் கிளார்க், மனப்பூர்வமாக.